பிரேக்குக்கு அடியில் உருண்ட பழம்

அந்தப் பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டால்தான் காரில் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன் அண்ணே, வேறு என்ன செய்வது, நீயே சொல். அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாடகைக் கார் கூப்பிட்டிருந்தேன். வந்தவர் நம்மாள். நெற்றியில் திருநீறு, பேச்சில் மரியாதை. டேஷ்போர்டில் சின்னப் பிள்ளையார், பக்கத்தில் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம். பெயருக்குக்கூட ஒரு நூல் கட்டவில்லை. கதவைத் திறந்ததும் ஏர்கோன் காற்றோடு அந்தப் பழத்தின் வாசனை முகத்தில் வந்து அடித்தது.

"ஏன் அக்கா, வெள்ளிக்கிழம கோயில்ல குடுத்த பழம் லா அது. சாமிக்கு வெச்சது," என்றார்.

"சாமி வெச்ச எடத்துல இருக்கும் தம்பி. பழம் இருக்காது. எடுத்து உள்ள போடுங்க."

அவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அவளாவது தன் பக்கம் பேசுவாள் என்று நினைத்தார் போல. அண்ணி இடது கையைத் தூக்கி என்னைக் காட்டி, வாத நோய் வந்த நாளிலிருந்து பேசும் அந்த இழுவைப் பேச்சில், "போட்டுருங்க. இவ... ஹைகோர்ட்டுலயே... இதப் பத்திப் பேசினவ," என்றாள். மனிதர் மறுபேச்சில்லாமல் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டார். டத்தோ கிராமாட் சாலை தாண்டும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நீ இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். உனக்கு வருஷத் திதியும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் இந்த வாசனை வந்தால் நீ திதி வாங்கிக்கொண்ட ஆளாகவே எனக்குத் தோன்றுவதில்லை. அந்த வெள்ளை வேனை வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, "கோப்பி இருக்கா பாப்பா?" என்று கேட்டபடி உள்ளே வருகிறாய்.

பாயான் லெப்பாஸ் பெக்டரிப் பெண்களை ஏற்றி இறக்கியே உனக்குத் தலை நரைத்தது. விடியும்முன் கிளம்பினால், பெண்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து அண்ணியைக் குளிப்பாட்டுவாய், சேலை கட்டிவிடுவாய், கஞ்சி ஊட்டுவாய், மறுபடி மத்தியானம் வேன் எடுப்பாய். அண்ணிக்கு வலது பக்கம் விழுந்த பிறகு உன் கை தவிர வேறு யார் கையும் அவளுக்கு ஆகவில்லை. நான் வந்து செய்கிறேன் என்றால், "நாத்தனார் கையில குளிக்க எனக்கு வெக்கமா இருக்கு," என்று முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். வெள்ளிக்கிழமைதோறும் அவளை மாரியம்மன் கோயிலுக்கு வேனில் கூட்டிப்போவாய். பூசாரி கொடுத்த பழத்தை அவள் உன்னிடம் நீட்டுவாள், இடது கையால். சாமிப் பழத்தை இடது கையால் கொடுக்கவேண்டி வந்ததே என்று வாராவாரம் அவளுக்கு ஒரு பெருமூச்சு. நீ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேனில் கொண்டுபோய் வைப்பாய்.

அந்தக் காலையில் நடந்ததை நீ எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "பிரேக்கு புடிக்கல." பாலத்திலிருந்து இறங்கும்போது சிவப்பு விளக்கு. முன்னால் மோட்டார் சைக்கிள்கள் ஒரு கூட்டமாக நிற்கின்றன. உன் வேனுக்குள் பெண்கள் அலறுகிறார்கள். நீ ஸ்டியரிங்கை ஒடித்து நடைபாதையில் ஏற்றினாய். கூட்டம் தப்பியது, ஓரமாக நின்ற ஒரே ஒருவர் மாட்டிக்கொண்டார். ஆ சோங், பெக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சீனர். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் பழமும் பிஸ்கட்டுமாகப் போய், அவர் கட்டில் பக்கத்தில் தலை குனிந்துகொண்டு நிற்பாய். ஒருநாள் அவரே பொறுக்கமுடியாமல், "சுடாலா பாங், காக்கி மாசே அடா," என்றார். போதும் விடுங்கண்ணே, கால் இன்னும் இருக்கிறதே என்று. அடிபட்டவர் அடித்தவனுக்கு ஆறுதல் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆபத்தாக வண்டி ஓட்டினாய் என்று வழக்குப் போட்டார்கள். லாயர் வைக்கலாம் என்றேன். "செஞ்சது நான்தானே, அப்புறம் என்ன லாயரு," என்று தனியாகப் போய்க் கூண்டில் நின்று குற்றத்தை ஒத்துக்கொண்டாய். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, "தாக் அடா." ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்க டிராபிக் ஜாமில் நின்று ஊர்க்கதை பேசிய மனிதன், பேசவேண்டிய இடத்தில் அதோடு நிறுத்திக்கொண்டாய். பத்து மாதம் சிறை, அபராதம், ஐந்து வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் போனதற்கு நான் அழவில்லை. பத்து மாதம் அண்ணியை யார் தொடுவார்கள் என்றுதான் அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மன் என் அழுகையைக் கேட்டாள். வேறு கேஸுக்கு வந்த லாயர் பொண்ணு ஒருத்தி, கறுப்புக் கோட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே முழுக் கதையும் சொன்னேன். அவள் அன்றைக்கே ஓடியாடி, அப்பீல் முடியும்வரை உன்னை ஜாமீனில் வெளியே விட ஏற்பாடு செய்துவிட்டாள். பிறகு நிதானமாக நமக்கு விளக்கினாள். "அங்கிள் தப்பு செய்யலன்னு நாம சொல்லப்போறது இல்ல. தண்டன ரொம்ப அதிகம்னுதான் கேக்கப்போறோம். அதுக்கு நடந்தது எனக்கு முழுசாத் தெரியணும்."

பீச் ஸ்ட்ரீட் மாடியில் அவள் ஆபீஸ். கம்ப்யூட்டரைத் திருப்பி, போலீஸ் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். நொறுங்கிய மோட்டார் சைக்கிள், வளைந்த கம்பம், கடைசியில் உன் கால் வைக்கும் இடம்.

"பிரேக்குக்கு அடியில பச்சையா நசுங்கிக் கெடக்கே, இது என்ன அங்கிள்? குப்பையா?"

"குப்பதான்மா," என்றாய் நீ.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? குனிந்து பார்த்தேன். தோலில் சிவப்பாக ஒட்டியிருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா? "ஐயோ இது குங்குமம்லா. இது கோயில் எலுமிச்சம்பழம். வெள்ளிக்கிழம அண்ணி குடுத்த..." என்று நான் முடிக்கும்முன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாய். அந்த வலி இரண்டு நாள் இருந்தது அண்ணே. பெண் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள். பழம் உருண்டு பிரேக்குக்கு அடியில போயிருச்சா?"

நீ ஜன்னலைப் பார்த்தாய்.

"இத ஏன் அங்கிள் அங்கயே சொல்லல?"

"அம்மன கோர்ட்டுக்கு இழுக்கக்கூடாதும்மா."

கீழே இறங்கியதும் கோப்பிக் கடையில் வைத்து உன்னைப் பிடித்துக்கொண்டேன். "அம்மன் என்ன ஒன் வேன்ல கண்டக்டரா? அவள யாரு இழுக்கச் சொன்னா? பழம் உருண்டுச்சுன்னு சொல்லு, அவ்வளவுதான்," என்றேன். நீ கோப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டே, "நீ பேசாம இரு பாப்பா," என்றாய். எப்போது நான் பேசாமல் இருந்திருக்கிறேன்?

நேரே கோயிலுக்குப் போனேன். பூப்போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சிவப்புப் பூ வந்தால் கோர்ட்டில் சொல்லலாம், வெள்ளைப் பூ வந்தால் சொல்லக்கூடாது. பூசாரி இரண்டையும் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை. நான் கேட்டது அவளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிட்டது. என் பெயர், உன் பெயர், லாயர் பொண்ணு சொன்னது எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி மறுபடி கேட்டேன். வெள்ளை. "அக்கா, அம்மன் ஒரு தடவதான் சொல்லுவா," என்றார் பூசாரி. "நீங்க பொட்டலத்தப் போடுங்க ஐயரே, அவளுக்கும் எனக்கும் பழக்கம் இருக்கு," என்றேன். மூன்றாவது தடவை சிவப்பு வந்தது. கண்ணீரோடு கும்பிட்டுவிட்டு, அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

நீ அடுப்படியில் அண்ணிக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தாய். அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்றேன். நீ அடுப்பை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மனுக்காக இல்ல பாப்பா," என்றாய். "அவ எடது கையால குடுத்த பழம். அதுதான் இப்பிடி ஆக்கிடுச்சுன்னு தெரிஞ்சா, எடது கையால குடுத்ததாலதான் ஒருத்தன் காலு போச்சுன்னு நெனைப்பா. சாகிற வரைக்கும் அத நெனச்சிக்கிட்டே கெடப்பா. அதுக்கு நான் உள்ள போயிட்டு வரேன்."

நான் அம்மனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீ அவளுடைய ஒரு பெருமூச்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். ஆனால் அந்த பிளாட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியாதா? அண்ணிக்கு வலது பக்கம்தான் விழுந்தது, காது இரண்டும் நன்றாகத்தான் இருந்தது. ஹாலிலிருந்து குரல் வந்தது, ஒவ்வொரு சொல்லாக.

"எனக்கு... ஒரு கை. ஒங்களுக்கு... ரெண்டு கை. கட்டித் தொங்கவிடச் சொன்னேன். கட்டினீங்களா?"

நீ கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். நான் எட்டிப் பார்த்தேன். அண்ணி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கணவனைக் கையும் களவுமாகப் பிடித்த பெண்டாட்டியின் முகத்தோடு அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரா வாரம் சொன்னேன். நூலு... அலமாரியில இருக்குன்னு சொன்னேன். சோம்பேறி."

"சரி சரி," என்றாய்.

"என் கைய... சாக்கு சொல்லாதீங்க. போய்... உள்ளத சொல்லுங்க."

அன்று ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டாய். அதற்கும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

ஹைகோர்ட்டில் நீதிபதி ஒரு மலாய்க்கார அம்மா. மூக்குக் கண்ணாடி, மெல்லிய குரல். லாயர் பொண்ணு நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் அடுக்கினாள். இத்தனை வருஷத்தில் ஒரு டிராபிக் சம்மனும் இல்லாதது, உடனே ஒத்துக்கொண்டது, ஆ சோங்கைப் போய்ப் பார்த்தது, வீட்டில் அண்ணி இருக்கும் நிலை, எலுமிச்சம்பழம். அரசாங்க வக்கீல் எழுந்து, வண்டிக்குள் உருளும் பொருளை வைத்ததே ஓட்டுநரின் தவறு, பெடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் கடமை, ஒரு மனிதர் கால் உடைந்திருக்கிறது என்றார். கோபத்தோடு சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அண்ணி சொன்னதைத்தான் இவரும் சொன்னார்.

நீதிபதி படத்தை வெகுநேரம் பார்த்தார். பழம் எதற்கு என்று கேட்டார். பாதுகாப்புக்காகக் கோயிலில் கொடுப்பது என்று பெண் விளக்கினாள். "இது லீமாவ் நீப்பிஸா, லீமாவ் கஸ்தூரியா?" என்றார் நீதிபதி. பெரிய எலுமிச்சையா, சம்பாலுக்குப் பிழியும் அந்தக் குட்டிப் பழமா என்று. பெண் கொஞ்சம் தடுமாறினாள். அவள் வீட்டில் சமையலுக்கு ஆள் இருக்கும் போல.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள். மலாய் நான் பசாரில் கற்றது. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். "நீப்பிஸ், யாங் அரிஃப். கஸ்தூரி சாமிக்கு வெக்கிறது இல்ல," என்று, லாயர் பொண்ணு நீதிபதியைக் கூப்பிட்ட மரியாதைச் சொல்லையும் போட்டு, பாதி மலாயும் பாதி தமிழுமாகச் சொன்னேன். போலீஸ்காரர் என் பக்கம் ஓடி வந்தார். நீ முகத்தை மூடிக்கொண்டாய். மொழிபெயர்ப்பாளர் இருமுவதுபோல் குனிந்து சிரித்தார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். திட்டவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு உன்னைக் கேட்டார், இதைக் கீழ்க்கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று. நான் அம்மன் பெயரை உள்ளுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். மறுபடியும் "தாக் அடா" என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மனைவி குடுத்த பழம். அவ மேல பழி வந்திருமோன்னு பயந்தேன். கட்டி வைக்கச் சொல்லித்தான் குடுத்தா. நான் கட்டல," என்றாய். மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார்.

தீர்ப்பு எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் பெண் திரும்பி என் காதில் சொன்னாள். வேகமாக ஓட்டியதாலோ குடித்துவிட்டு ஓட்டியதாலோ வந்த ஆபத்து இல்லை. ஆனால் கும்பிட்டு வைத்த பொருளானாலும் கட்டித்தான் வைக்கவேண்டும். அபராதம் அப்படியே, லைசென்ஸ் தடையும் அப்படியே. பத்து மாதம் சிறை ஒரே நாளாகக் குறைக்கப்படுகிறது.

அண்ணி அடுப்படிக்குக் கேட்கும்படி சொன்ன தீர்ப்பை ஹைகோர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. நான் கைதட்டப் போனேன். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் என்றால் கோர்ட் மூடும்வரை கீழே லாக்கப்பில் உட்காரவேண்டும் என்றார்கள். பாடாங் கோத்தா கடற்கரையில் மரத்தடி பெஞ்சில் நான் காத்திருந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். பலூன் விற்ற மலாய்க்காரரிடம் சொன்னேன், மீ கோரிங் நூடுல்ஸ் வறுத்துக்கொண்டிருந்த மாமாவிடம் சொன்னேன். அவர் எனக்கு ஒரு முட்டை கூடுதலாகப் போட்டார். அண்ணிக்குப் போன் செய்து, "ஒரே நாள் அண்ணி, சாயந்திரம் அண்ணன் வந்துரும்," என்றேன். "வரும்போது... நூலு வாங்கிட்டு வரச் சொல்லு," என்றாள்.

சாயந்திரம் நீ வெளியே வந்த கோலம் கண்ணிலேயே நிற்கிறது. பெல்ட்டைக் கழற்றி வாங்கி வைத்திருந்தார்கள் போல. அதை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து, இன்னொரு கையால் கால்சட்டையை இடுப்போடு பிடித்துக்கொண்டு, பெரிய விடுதலைப் போராட்டத் தலைவர்போலப் படியிறங்கி வந்தாய்.

"உள்ள எப்பிடிண்ணே இருந்துச்சு?" என்றேன்.

"நல்ல தூக்கம் பாப்பா. அவ கொறட்ட இல்லாம," என்றாய்.

தைப்பூசத்துக்கு நான் நேர்ந்துகொண்ட தேங்காய் மூட்டையை ரதம் வரும் வழியில் இறக்கினோம். வண்டி ஓட்டத் தடையிருந்தது, மூட்டை தூக்கத் தடையில்லையே, நீதான் தூக்கினாய். ஆ சோங் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார், இங்குள்ள பல சீனரைப்போல அவர் அம்மாவும் வருஷா வருஷம் தேங்காய் உடைப்பவர்தானாம். கைத்தடியை உன் கையில் கொடுத்துவிட்டு, அவர் ஓங்கி அடித்த முதல் தேங்காய் தெருவில் தூள் தூளாகச் சிதறியது. தேங்காய்த் தண்ணீர் நம் இரண்டு பேர் முகத்திலும் தெறித்தது. ரதத்து விளக்கெல்லாம் அதில் மின்னியது. அண்ணி சக்கர நாற்காலியில் இருந்தபடி இடது கையால் ஒரு தேங்காயை வீசினாள். அது உடையவில்லை, உருண்டு போலீஸ்காரர் பூட்ஸில் போய் முட்டியது. "இதையும் கட்டி வெச்சிருக்கணும்," என்றாய் நீ. அவள் உன்னை அந்த இடது கையாலேயே அடித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நீ அவளோடு இருந்தாய். அந்தப் பத்து மாதமும் அதற்குள்தான் இருந்தது. சிறையிலிருந்து நாம் பிடுங்கி எடுத்த மாதங்கள். ஒவ்வொரு காலையும் நீதான் அவளைக் குளிப்பாட்டினாய். பஸ் பிடித்து அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாய். நீ போன பிறகு ஒரு வாரம் அவள் யாரையும் தொடவிடவில்லை. எட்டாம் நாள் காலையில் அவளே என்னைக் கூப்பிட்டு, "தண்ணி... சூடா இருக்கா பாரு," என்றாள். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள், என் கையில்தான் குளிக்கிறாள். வெட்கம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. நீ எப்படித் தண்ணீர் ஊற்றுவாயோ அதே மாதிரி ஊற்றச் சொல்லிக் கொடுக்கிறாள், தோளிலிருந்து, மெதுவாக, காதில் படாமல். உன் கைப்பழக்கம் என் கைக்கு வந்துவிட்டது. லைட் ஸ்ட்ரீட் வழியாக பஸ் போகும்போது அந்தக் கோர்ட்டுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கோயிலா என்று கேட்டால் ஆமாம் என்கிறேன்.

இன்று ஆஸ்பத்திரியில் எல்லாம் நல்லபடி முடிந்தது. ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். காலைச் சோதித்த நர்ஸ் பெண், நகம் வளர்ந்திருக்கிறதே என்று சொல்லித் தானே வெட்டிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அண்ணே, எனக்கு இது ஞாபகம் வந்தது. ஹைகோர்ட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில் நான் உன் வீட்டுக்கு வந்தபோது, நீ கோர்ட்டுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு, கை நகம், கால் நகம் எல்லாவற்றையும் ஒட்ட ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தாய். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யாராவது நகம் வெட்டுவார்களா என்று வாசலில் நின்றே உன்னைப் பார்த்துக் கத்தினேன். நீ நிமிராமல், "இன்னிக்கி மட்டும் பாப்பா. சாயந்திரம் நான் வீட்டுக்கு வருவேனோ என்னமோ," என்றாய்.